31 நிமிஷ ‘டார்க் ஸ்டார்’ல கத்திரி வைக்க இடம் இருக்கா?

நாடாப்பெட்டி:
போன வாரம் வேற இழையில, அமெரிக்க ராக் குழு கிரேட்ஃபுல் டெட்டோட நீளமான ஜாம் (மேடையிலேயே கற்பனையா நீட்டி வாசிக்கிறது) எல்லாமே “முடிக்கத் தெரியாதவங்க வாசிப்பு”ன்னு வெட்டுக்கத்தி எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொன்னா பேச்சு திசை மாறிடும்னு தனி இழை தொடங்குறேன்.

நான் எடுத்துக்கிறது ஒரே ஒரு வாசிப்பு. 1972 ஆகஸ்ட் 27, அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம், வெனீட்டா. பணக்கஷ்டத்துல இருந்த ஒரு சின்ன பால்பொருள் கம்பெனியைத் தூக்கிவிட நடத்தின கச்சேரி. டிக்கெட்டையே தயிர் லேபிள்லதான் அடிச்சாங்க. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், கிட்டார் சுருதி நிக்கவே மாட்டேங்குது. அதுல அவங்க ‘டார்க் ஸ்டார்’ பாட்டு மட்டும் சுமார் 31 நிமிஷம். இதே பாட்டு 1968ல சிங்கிளா வந்தப்போ மூணு நிமிஷம்கூட இல்லை.

முதல் அஞ்சாறு தடவை நானும் ஜெர்ரி கார்சியாவோட கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டுதான் போனேன். பாதியில தூங்கிட்டேன், மறைக்கல. அப்புறம் ஒரு நாள் கிட்டாரை விட்டுட்டு ஃபில் லெஷ்ஷோட பேஸை, அதாவது கீழ்ச்சுரக் கிட்டாரை, மட்டும் கேட்டேன். அவர் சின்ன வயசுல டிரம்பெட் வாசிச்சவர், இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோகிட்ட படிச்சவர், பேஸையே இந்தக் குழுவுல சேர்ந்த பிறகுதான் கையில எடுத்தார். மத்த பேண்ட்ல பேஸ் தூண் மாதிரி நிக்கும். இவர் தூணா நிக்க மாட்டேங்கிறார், கூடவே நடந்து வர்றார். கார்சியா ஒண்ணு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இவர் அடுத்ததை ஆரம்பிச்சுடுறார். யார் யாரை இழுத்துட்டுப் போறாங்கன்னு கவனிக்க ஆரம்பிச்ச பிறகு 31 நிமிஷம் எனக்குப் பத்தலை.

வெட்டுக்கத்தி:
அண்ணே, பேஸை மட்டும் கேளு, ட்ரம்ஸை மட்டும் கேளுன்னு ஒவ்வொரு கருவியா பிரிச்சுக் கேட்டாதான் ருசிக்கும்னா சமையல்ல ஏதோ கோளாறு. சாம்பார்ல பெருங்காயத்தை மட்டும் தேடித் தின்னுன்னு யாராவது சொல்வாங்களா?

நான் வீடியோ எடிட்டிங் வேலையில இருக்கேன். நீளம் எனக்குப் பிரச்சினை இல்லை, நீளத்துக்குக் காரணம் வேணும். இவங்க 30 வருஷத்துல 2,300 கச்சேரிக்கு மேல வாசிச்சிருக்காங்க. ஆனா நீங்க எல்லாரும் கைகாட்டுறது எப்பவும் அதே பத்து ராத்திரி. வெனீட்டா, 1977 கார்னெல், 1969 ஃபில்மோர் வெஸ்ட். மிச்சம் எல்லாம் என்ன ஆச்சு? அவ்வளவு தடவை கல்லெறிஞ்சா பத்து மாங்காயாவது விழத்தானே செய்யும்.

வெனீட்டாவையும் கேட்டேன், முழுசா. கரைஞ்சு, சிதறி, சத்தக்காடா ஆகி, சரி இப்பதான் ஏதோ வரப்போகுதுன்னு நிமிர்ந்து உட்கார்ந்தா, ‘எல் பாசோ’ன்னு ஒரு கௌபாய் பாட்டுக்குள்ள போயிட்டாங்க. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்ச கதை. தயிர்க் கம்பெனிக்குப் பொருத்தம்தான்.

மிருதங்கத்துப் பையன்:
தாழி 😂😂

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். ‘டார்க் ஸ்டார்’ பெரும்பாலும் மிக்சோலிடியன், அதாவது நம்ம ஹரிகாம்போஜி சுரங்கள். அதனால இதை ஆலாபனை மாதிரி கேட்கலாம்னு முன்னாடி ஒருத்தர் சொல்லி நானும் முயற்சி பண்ணினேன். சரிப்பட்டு வரலை. ஆலாபனையில ஒருத்தர் போறார், வயலின் பின்னால வருது. இங்கே அஞ்சு பேரும் ஒரே நேரத்துல போறாங்க, பின்னால வர ஆளே இல்லை. சுரத்தைத் தேடினா ஏமாற்றம்தான், கணக்கைத் தேடினா கொஞ்சம் கிடைக்குது. இவங்களோட ‘தி இலெவன்’ பாட்டு 11 அட்சரம், 3+3+3+2. 2+9ன்னு வர்ற சங்கீர்ண ஜாதி ரூபக தாளத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி. 1969 ‘லைவ்/டெட்’ ஆல்பத்துல ‘செயின்ட் ஸ்டீஃபன்’லேருந்து அந்த 11க்குள்ள விழுற இடம் இருக்கே, தொடையில தாளம் போட்டுக்கிட்டே கேட்டேன், எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

உபரித் தகவல்: டெட்டோட ட்ரம்மர் மிக்கி ஹார்ட் 1991ல போட்ட ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துல கடம் நம்ம விக்கு விநாயக்ராம். உலக இசைக்குன்னு கொடுத்த முதல் கிராமி அதுக்குத்தான்.

நாடாப்பெட்டி:
அந்த இடம்தான்! அந்தத் திருப்பத்துக்காகவே அந்த ஆல்பத்தை வருஷத்துக்கு நாலு தடவை கேட்பேன். ஆறு பேருக்கும் மேல ஒரே மூச்சுல 11க்குள்ள போறாங்க பாருங்க, அதெல்லாம் அந்த நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் கேட்டாதான் வரும்.

வெட்டுக்கத்தி:
வந்துட்டீங்களா. இதுக்குத்தான் காத்திருந்தேன்.

‘லைவ்/டெட்’ல ‘டார்க் ஸ்டார்’, ‘செயின்ட் ஸ்டீஃபன்’ ரெண்டும் 1969 பிப்ரவரி 27, ஃபில்மோர் வெஸ்ட். ‘தி இலெவன்’ ஜனவரி 26, அவலான் பால்ரூம். ஒரு மாசம் முந்தின வேற ராத்திரி, வேற அரங்கம். நீங்க ரெண்டு பேரும் சிலிர்த்துப் போன அந்த இணைப்பை ஒட்டினது கத்திரிக்கோல். “ஒரே மூச்சு”! என் தொழில்காரன் எவனோ ஒருத்தனுக்கு நீங்க போட்ட கும்பிடு அது.

உன்னிப்பாக் கேட்கிறோம்னு சொல்றவங்க காதுக்கே ஒட்டு தெரியலைன்னா, நீங்க கேட்கிறது இசையையா, அதைப் பத்தின கதையையா?

மிருதங்கத்துப் பையன்:
அடப்பாவி. தாளம் போட்ட கையை எங்கே வெச்சுக்கிறதுன்னு தெரியலை.

நாடாப்பெட்டி:
சரி, அடி விழுந்தது நிஜம். எனக்கு அது தெரியாது. ரெண்டு நாள் இந்தப் பக்கம் வராம இருந்ததுக்கும் அதுதான் காரணம்.

ஆனா ஒரு கேள்வி. ரெண்டு ராத்திரி வாசிப்பு ஒட்டுத் தெரியாம பொருந்துதுன்னா, கத்திரிக்காரர் கெட்டிக்காரர்ங்கிறது பாதி காரணம். ரெண்டு ராத்திரியும் அந்தத் திருப்பத்தை அதே வேகத்துல, அதே பிடியோட வாசிச்சாங்கங்கிறது மீதி பாதி. குருட்டாம்போக்குல மாங்காய் அடிக்கிறவங்களுக்கு அது வராது.

தற்செயல்னு நீங்க சொல்றதை, இதே மாதிரி ஜாம் வாசிக்கிற ஃபிஷ்ங்கிற இன்னொரு அமெரிக்கக் குழுவை வெச்சும் மறுக்கலாம். அவங்க ஒத்திகையில ஒரு பயிற்சி வெச்சிருந்தாங்க. ஒருத்தர் ஒரு துணுக்கு வாசிப்பார், மத்த மூணு பேரும் அதோட பொருந்துற மாதிரி சேரணும். நாலு பேரும் மத்தவங்களைக் கேட்டாச்சுன்னு தோணினதும் ஒவ்வொருத்தரும் “ஹே”ன்னு குரல் கொடுக்கணும். அப்புறம் அடுத்தவர் மாத்துவார். விரல் பயிற்சியே இல்லை அது, காது பயிற்சி. மேடையில நடக்கிறது அதோட நீட்சி.

ஸ்கார்பரோ குளிர்:
கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இப்ப கதைக்கிறன். நானும் கொஞ்சக் காலம் பேஸ் வாசிச்சவன்.

நாடாப்பெட்டி அண்ணை, நீங்கள் பேஸைக் கேக்கச் சொல்லுறியள், சரி. ஆனா வெனீட்டாவில கவனிக்க வேண்டியது அங்க இல்லாத ஆளை. மிக்கி ஹார்ட் 1971 பெப்ரவரியில விலகினவர், திரும்பி வந்தது 1974 ஒக்டோபரில. இடைப்பட்ட காலம் முழுக்க பில் க்ரூட்ஸ்மன் தனி ஆள். ரெண்டு ட்ரம்மர் எண்டா திரும்பிறதுக்கு முதல் ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேணும், பெரிய லொறியைத் திருப்புற மாதிரி. ஒருத்தர் எண்டா சைக்கிள். 1969ஐயும் 1972ஐயும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கோ. பின்னதில மற்றவை ஒரு அசைவு காட்டினாலே அவர் அங்க போய் நிக்கிறார், சில நேரம் தாளத்தையே விட்டுப்போட்டு சிம்பல் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறார். மற்றக் கிட்டார்காரர் பாப் வெயரும் அப்பிடித்தான். ஜாஸ் கலைஞர் மக்காய் டைனரின்ர பியானோ இடக்கையைக் கேட்டுப் பழகினவர் எண்டு அவரே சொல்லியிருக்கிறார், அதாலதான் அவற்ற கிட்டார் ரிதம் கிட்டார் மாதிரியே இல்லை.

வெட்டுக்கத்தி தம்பி, ‘எல் பாசோ’ விசயத்தில நான் உம்மட பக்கம் இல்லை. அவ்வளவு குழப்பத்துக்குப் பிறகு ஒரு எளிய மூண்டடித் தாளம் வந்து விழேக்க, ஊருக்குத் திரும்பி வந்த மாதிரி. ஆனா நீர் சொல்லுற ஒண்டு சரி. 2,300இல முக்கால்வாசி சுமார். நான் 80களின்ர கடைசி ஒலிப்பதிவுகள் கனக்கக் கேட்டனான், சிலதை ஒருதரும் கேக்கத் தேவையில்லை.

வெட்டுக்கத்தி:
சுமார்னு ஒத்துக்கிட்ட முதல் ரசிகர் நீங்கதான், உங்களுக்கு ஒரு சலாம்.

இந்தச் சைக்கிள் உவமை என்னைக் கொஞ்சம் தொந்தரவு பண்ணிடுச்சு. நேத்து ராத்திரி வேலை முடிச்சு, வெனீட்டாவை எடிட்டிங் மேசையில போட்டேன். 31ஐ 9 ஆக்கிக் காட்டிட்டு இழையை மூடிடலாம்னு நினைப்பு. விளம்பரப் படத்துக்குப் பாட்டை வெட்டுற எனக்கு இது பத்து நிமிஷ வேலை.

மூணு மணி ஆச்சு. சாதாரணப் பாட்டுல நாலு பேரும் ஒரு இடத்துல மூச்சு விடுவாங்க, அங்கே கத்தி வைப்போம். இங்கே கிட்டார் நிறுத்துற இடத்துல பேஸ் நடு வாக்கியத்துல இருக்கு. பேஸ் முடிக்கும்போது கீத் காட்ஷோவோட பியானோ தொடங்கியாச்சு. 9 ஆகலை. 14ல வந்து நின்னேன். மூணே மூணு வெட்டு. ஆனா 14 நிமிஷ வடிவம் நல்லாத்தான் இருக்கு, அதுல பின்வாங்க மாட்டேன். உங்க மூணு பேருக்கும் தனிமடல்ல அனுப்பியிருக்கேன். வெட்டு எங்கேன்னு சொல்லுங்க. மூலத்தைப் பக்கத்துல வெச்சு ஒப்பிடக்கூடாது, சத்தியம் பண்ணுங்க.

மிருதங்கத்துப் பையன்:
எனக்கு ஒண்ணுதான் கிடைச்சது, 4:10. சிம்பல் ஒலி அடங்கறதுக்குள்ள காணாமப் போச்சு. மத்தது தெரியலை சார், சரணம்.

ஸ்கார்பரோ குளிர்:
4:10, பிறகு 11:35. ரெண்டாவதில வெயரின்ர கிட்டார் ஒரு சுரக்கூட்டை விரிச்சுக்கொண்டு போய் முடிக்கேல்லை. அவர் முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை. மூண்டாவதைக் கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு.

நாடாப்பெட்டி:
4:10, 11:35, அப்புறம் 7:22. அங்கே பேஸ் திடீர்னு வேற இடத்துலேருந்து வருது, எந்தத் தயாரிப்பும் இல்லாம. பச்சையா ஒட்டு.

வெட்டுக்கத்தி:
முதல் ரெண்டு சரி. 7:22ல நான் கையே வைக்கலை. அது உங்க ஃபில் லெஷ் தானே செஞ்ச வேலை.

மூணாவது வெட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கு. தேடுங்க.

நாடாப்பெட்டி:
ஹெட்ஃபோனை மாத்திட்டு வர்றேன். இழையை யாரும் மூடிடாதீங்க.