புதுப்பிப்பு: காலிஃபிளவர் இலை வால் மாதிரி ஒடுங்கியது

கோத்தகிரியில் எங்கள் வீட்டுத் தோட்டக் காலிஃபிளவரில் இலை சுருங்கி, நடு நரம்பு மட்டும் வால் மாதிரி நீளுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பூச்சி என்று சொன்னவர்களே அதிகம். பூச்சி இல்லை, மாலிப்டினம் என்ற நுண்ணூட்டச் சத்தின் பற்றாக்குறை. இங்கே அமில மண். கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே போனால் மண்ணில் மாலிப்டினம் இருந்தாலும் வேருக்குச் சரியாகக் கிடைக்காது. (தேயிலைக்குக் கொண்டாட்டம், கோஸ் குடும்பத்துக்குத் திண்டாட்டம்!) மண்ணின் அமிலத்தைக் குறைக்க டோலமைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் தூள்) போட்டுக் கொத்திவிட்டு, சில வாரம் கழித்துப் புது நாற்று நட்டேன். மாலிப்டினம் உள்ள உப்பான சோடியம் மாலிப்டேட்டும் லேசாகத் தெளித்தேன். இப்போது இலை நன்றாக அகலமாக வருகிறது. பழைய செடிகள் தேறவில்லை, பிடுங்கியாச்சு. வேர் வீக்க நோயும் அமில மண்ணில்தான் அதிகம் என்பதால் டோலமைட் எப்படியும் வேண்டியதுதான். பூ முட்டையளவு வந்ததும் வெளியிலைகளை மடக்கிக் கட்டணும், இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகிவிடும்.