புயல் வருகிறது, சனிக்கிழமை மயாமியில் க்ரூஸ்: ரத்து செய்யலாமா?

ஏழு நாள் கிழக்குக் கரீபியன் சொகுசுக் கப்பல் பயணம். புயலுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். இப்போது ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில் 1:
நீங்களாக ரத்து செய்யாதீர்கள். கடைசி வாரத்தில் ரத்துக் கட்டணம் பெரும்பாலும் முழுத் தொகைதான். கப்பல் நிறுவனமே பயணத்தைக் கைவிட்டால் பணம் வரும். ஆனால் பெரும்பாலும் கைவிட மாட்டார்கள், கிழக்குக் கரீபியன் வழியை மேற்குக் கரீபியனாக மாற்றிவிடுவார்கள். கப்பல் மணிக்கு 20 கடல் மைலுக்கு மேல் ஓடும். புயல் பொதுவாக அதில் பாதி வேகத்தில்தான் நகரும். அதனால் சுற்றிப் போய்விடலாம். விட்டுப்போன துறைமுகத்துக்கு வரியும் துறைமுகக் கட்டணமும் மட்டும் திரும்பும், சில நூறு டாலரை எதிர்பார்க்காதீர்கள்.

பதில் 2:
உண்மையான சிக்கல் கடலில் இல்லை, துறைமுகத்தில். கடலோரக் காவல்படை 'ஜூலு' நிலை அறிவித்தால், அதாவது பலத்த காற்று 12 மணி நேரத்துக்குள் எட்டும் என்றால், துறைமுகம் மூடப்படும். முந்தைய பயணத்துக் கப்பலே உள்ளே வர முடியாது. உங்கள் புறப்பாடும் ஓரிரு நாள் தள்ளும். ஆகவே மாற்றக்கூடிய விமான டிக்கெட், மூன்று நாளுக்குக் கூடுதல் மாத்திரை, அதுவும் கைப்பையில்.

தேசியப் புயல் மையம் 6 மணிக்கொரு முறை அறிக்கை விடும். அதோடு வரும் கூம்பு வடிவப் படம் காட்டுவது புயலின் மையம் போகக்கூடிய பாதை மட்டுமே. காற்றும் அலையும் அதற்கு வெளியேயும் அடிக்கும். பலர் தப்பாகப் படிப்பது இங்கேதான்.

பதில் 3:
இந்தப் புயலுக்காகப் பயணக் காப்பீடு இனி எடுத்துப் பயனில்லை. பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயல் பொதுவாக அதில் சேராது.