கொழுந்து லொறி பழங்கதையாம்ல?

மூனாம்நம்பர்மலை:
நேத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்து சம்பளப் பேச்சுக்கு கீழ ஸ்டோர்சங்கு ஐயா ஒரு கொமென்ட் போட்டிருந்தாரு. பாக்காதவங்களுக்காக அப்படியே போடுறேன்: "மலையகத்துல இப்ப யாரும் நோயாளிய கொழுந்து லொறில ஏத்துறதில்ல. 1990ங்கிற நம்பருக்கு அடிச்சா ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருது. இன்னமும் லொறிக் கதை பேசுறவங்க அனுதாபத்துல பொழைக்கிறவங்க."

ராத்திரி பூரா தூக்கம் வரல எனக்கு. போன வருஷம் ஐப்பசியில எங்க மலையில குளவி கலைஞ்சி பதினோரு பேருக்கு கொட்டிச்சி. எங்க அத்தைக்கு மூஞ்சி ஒரு பக்கம் முழுசா வீங்கி கண்ணு இருக்க எடமே தெரியல, காதுக்குள்ள செத்த குளவி ஒன்னு மாட்டிக்கிட்டு கெடந்துச்சி, நான்தான் ஊக்கால நோண்டி எடுத்தேன். 1990க்கு அடிச்சோம், ஒடனே எடுத்தாங்க, வண்டியும் வந்திச்சி, அவங்க மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா வண்டி வந்தது மதகு வரைக்கும். அங்க இருந்து நாங்க குடியிருக்க லயத்துக்கு நாலு கிலோமீட்டர் கல்லும் குழியும். அந்த நாலு கிலோமீட்டரும் கொழுந்து லொறிதான், சாக்குக்கு மேல, கொழுந்து பறிக்கிறப்ப இடுப்புல கட்டுற படங்க விரிச்சி படுக்க வச்சி கொண்டாந்தோம். படம் போட்டிருக்கேன், பாத்துட்டு யாரு அனுதாபத்துல பொழைக்கிறான்னு சொல்லுங்க.

ஸ்டோர்சங்கு:
பாத்தேன் தம்பி. அது லொறி இல்ல. ட்ராக்டர் பெட்டி.

மூனாம்நம்பர்மலை:
ஐயா அது லொறி. நான் அதுல ஏறி வந்தவன்.

ஸ்டோர்சங்கு:
நான் 34 வருஷம் தோட்டத்து ஆபிஸ்ல இருந்தவன். மூனு தோட்டம் பாத்தாச்சி. எந்த வண்டியில எத்தன கிலோ கொழுந்து ஸ்டோருக்கு, அதான் பெக்டரிக்கு, போச்சின்னு என் கையாலதான் எழுதியிருக்கேன். பக்கப் பலகை உசரம் பாருங்க, இடுப்புக்குதான் வருது, லொறின்னா நெஞ்சு மட்டத்துக்கு வரணும். ட்ராக்டர் பெட்டிய போட்டு லொறின்னு ஊர கூட்டுறீங்க. இதத்தான் நான் நேத்தும் சொன்னேன், இல்லாதத இருக்குன்னு காட்டுறது.

கீழ்லயத்துப்பொடியன்:
ட்ராக்டர்ல ஏத்துனா நோயாளிக்கு நோகாதா ஐயா 😂

ஸ்டோர்சங்கு:
பல்லைக் காட்டாதீங்க. உண்மைன்னு ஒன்னு இருக்குதானே.

டீச்சரம்மா:
அண்ணே ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. லொறியோ ட்ராக்டரோ, வாசல்னா எது, மதகா லயத்து படியா, அத மொதல்ல பேசுவோமே. சங்கு அண்ணன் "வாசலுக்கு வருது"ன்னு சொன்னதுதானே பிரச்சினை? அந்த நாலு கிலோமீட்டர் ரோட்டு யாரோடதுன்னு கேட்டா பிரதேச சபை தோட்டத்தக் காட்டும், தோட்டம் பிரதேச சபையக் காட்டும். 1987ஆம் வருஷத்து 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒன்ன வச்சிக்கிட்டு தோட்டத்துக்குள்ள ஒரு மண்வெட்டி மண்ணுகூட போட மாட்டோம்னு இருந்தாங்க. எங்க சனம் ஓட்டு மட்டும் போடலாம், அந்த ஓட்டுல வந்த சபைக் காசு எங்க ரோட்டுக்கு வராது. 2018லதான் அத திருத்துனாங்க. திருத்தி இத்தன வருஷமாச்சி, ரோட்டு எங்க?

ஸ்டோர்சங்கு:
டீச்சர், சட்டமெல்லாம் அப்புறம். இவரு லொறின்னு சொன்னாரா இல்லையா? படத்துல முன் சக்கரம் எங்க? வேணும்னே முன்பக்கத்த வெட்டிட்டு போட்டிருக்காரு.

மூனாம்நம்பர்மலை:
யாரு வெட்டுனா? அத்தைய தூக்கி ஏத்துற நேரத்துல ஒத்தக் கையில எடுத்தது. நின்னு லொறிக்கு மாலை போட்டு போட்டோவா எடுப்பாங்க? பின் பலகை கழட்டி இருக்கு பாருங்க. கொளுக்கி தொங்குது. டாட்டா லொறி, நீலக் கலரு, டிரைவர் எங்க பெரியப்பா மகன்.

ஸ்டோர்சங்கு:
ட்ராக்டர் பெட்டிக்கும் பின் பலகை கழறும், கொளுக்கியும் இருக்கும்.

வல்லைவெளி:
இந்தச் சண்டை எனக்கு விளங்கேல்லை. உங்கட ஆக்களுக்கு மதகடி மட்டுமெண்டாலும் வாகனம் வருகுது. எங்கட பக்கம் 1990 வந்ததே 2018 ஆடி மாதம்தான். நெடுந்தீவுக்கு வந்து பாருங்கோ, வருத்தக்காரரைக் கடலால கொண்டு வாறம். காத்து அடிச்சால் அதுவும் இல்லை.

மூனாம்நம்பர்மலை:
"உங்கட ஆக்கள்"னா யாருங்க?

வல்லைவெளி:
மலையக ஆக்கள். அதில என்ன பிழை?

மூனாம்நம்பர்மலை:
பிழை ஒன்னும் இல்ல. 1948ல எங்க குடியுரிமைய பறிச்சப்பயும் இதே "உங்கட ஆக்கள்"தான். அதே வருஷம் உங்க தலைவரு ஒருத்தரு போயி அந்த அரசாங்கத்துல மந்திரியா குந்துனாரு, அதையும் கொஞ்சம் படிச்சிட்டு வாங்க.

வல்லைவெளி:
பொன்னம்பலம் போனவர். அதே காரணத்துக்காகத்தான் செல்வநாயகம் பிரிஞ்சு 1949 இல தமிழரசுக் கட்சி தொடங்கினவர். அதை மட்டும் வசதியா மறந்துபோவியள். நான் கதைச்சது கடலைப் பற்றி.

மூனாம்நம்பர்மலை:
நான் பேசுனது லொறியப் பத்தி.

ஸ்டோர்சங்கு:
ட்ராக்டர்.

கூடலூர்க்காரன்:
வணக்கம் மக்களே. எங்க தாத்தா மஸ்கெலியா பக்கம் இருந்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இங்க தமிழ்நாட்டுக்கு வந்தவரு. தாயகம் திரும்புனவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல டான்டீன்னு அரசு தேயிலைத் தோட்டத்த ஆரம்பிச்சாங்க. எங்க லைன்லயும் பிரசவத்துக்கு தேயிலை லாரியில போன கதைய பாட்டி சொல்லும். எல்லாரும் "லொறி"ன்னு எழுதுறீங்களே, லாரிதானே சரி?

டீச்சரம்மா:
இங்க லொறிதான் தம்பி.

கூடலூர்க்காரன்:
இல்ல அக்கா, தமிழ்ல லாரின்னுதான் எழுதுவாங்க. ஸ்கூல் புக்லயே அப்படித்தான்.

டீச்சரம்மா:
உங்க புக்குல. எங்க புக்குல லொறி. நான் இருபது வருஷமா கரும்பலகையில எழுதுறேன், எனக்கு எழுத்துப் பிழை சொல்லித் தர வராதீங்க. உதவி ஆசிரியர்னு எடுத்து மாசம் 6000 ரூபா குடுத்தாங்களே எங்க தோட்டத்துப் புள்ளைங்களுக்கு, பிறகு 10000 ஆக்குனாங்க, அந்தக் காசுக்கு பத்து மைல் நடந்து போயி படிப்பிச்ச புள்ளைங்களோட வேலை செஞ்சவ நான். இந்தத் தமிழ அவங்க கஷ்டப்பட்டு சொல்லிக் குடுத்திருக்காங்க.

கூடலூர்க்காரன்:
ஒரு எழுத்து கேட்டதுக்கு சம்பளக் கணக்கா அக்கா…

ஸ்டோர்சங்கு:
எல்லாரும் சுத்தி சுத்தி எங்கயோ போறீங்க. இப்ப நான் முழுசா எழுதுறேன், பொறுமையா படிங்க. தோட்டத்துல வைத்தியமே இல்லாத மாதிரி ஒரு கதை கட்டுறாங்க. வெள்ளைக்காரன் 1912லயே தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி குடுக்கணும்னு சட்டம் போட்டான். பெரிய தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி, டாக்டர் ஐயா, மருத்துவச்சி, புள்ளைங்கள பாத்துக்குற புள்ளமடுவம், எல்லாம் இருந்திச்சி. எங்க அப்பா காலத்துல டாக்டர் ஐயா காலையில ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்கே வந்து நிப்பாரு, எவன் காய்ச்சலோட மலைக்கு போறான்னு மூஞ்சியப் பாத்தே சொல்லுவாரு, கசக்குற செவப்புத் தண்ணி ஒன்னு குடுப்பாரு பாருங்க, அதக் குடிச்சவன் பயத்துலயே எந்திரிச்சிருவான். 1972லயும் 75லயும் தோட்டத்த அரசாங்கம் எடுத்திச்சி, 1992ல நிர்வாகத்த கம்பனிக்கு குடுத்திச்சி. அதுக்கு பிறகு கம்பனிக்காரன் கணக்குல வைத்தியம் ஒரு செலவு. நான் பாத்த தோட்டத்துலயே டிஸ்பென்சரி கதவுல பூட்டு, உள்ள தராசும் ஒரு கட்டிலும் துருப்பிடிச்சி கெடக்குது. பள்ளிக்கூடத்த 1977ல இருந்து அரசாங்கம் எடுத்துக்கிச்சி, ஆஸ்பத்திரிய இன்னைக்கு வரைக்கும் முழுசா எடுக்கல. இதையெல்லாம் எழுதுங்கய்யா, நான் வேணாம்னா சொன்னேன்? எழுத மாட்டாங்க. லொறின்னு எழுதுனா லைக்கு விழும். ட்ராக்டர்னு எழுதுனா விழாது. அவ்வளவுதான் விஷயம்.

மூனாம்நம்பர்மலை:
இப்ப நீங்க எழுதுனதும் நான் எழுதுனதும் ஒன்னுதானே ஐயா? டிஸ்பென்சரிக்கு பூட்டுன்னு நீங்களே சொல்றீங்க, அது தெறந்து இருந்தா அத்தைக்கு மேலயே ஒரு ஊசி போட்டிருப்பாங்க, லொறியே தேவைப்பட்டிருக்காது.

ஸ்டோர்சங்கு:
ஒன்னு இல்ல. நான் உண்மைய எழுதுனேன். நீங்க லொறின்னு எழுதுனீங்க.

கீழ்லயத்துப்பொடியன்:
அண்ணே அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு?

மூனாம்நம்பர்மலை:
எடது கண்ணு இன்னும் மங்கலாத்தான் தெரியுதாம், மலைக்கு போறாங்க. அத விடு தம்பி, அந்த கொளுக்கிய பெருசாக்கி பாரு, ட்ராக்டர் பெட்டிக்கு அந்த மாதிரி கொளுக்கி வராது.

கீழ்லயத்துப்பொடியன்:
நான் கொழும்புல கடையில நிக்கிறேண்ணே, போன் ஸ்கிரீன் ஒடஞ்சிருக்கு, எனக்கு ஆளே தெரியல.

டீச்சரம்மா:
1990 ஆரம்பிச்சது 2016ல, மேல் மாகாணமும் தென் மாகாணமும் மட்டும், 88 வண்டி. இந்தியா குடுத்தது. பிறகு கூட்டி 297 ஆச்சி. எந்த வண்டியும் கீழ தட்டாம போற மாதிரி ரோட்டு இருந்தாதானே மேல வரும்? இன்னொன்னு, போன்ல விலாசம் கேக்குறப்ப நம்ம சனம் என்னா சொல்லும்? லயத்துக்கு ஏது வீட்டு நம்பர், தெரு பேரு? "கோயிலுக்கு பக்கத்துல பெரிய கருப்பந்தேயில மரத்துல இருந்து மேல வாங்க"ன்னு சொல்றோம். சங்கு அண்ணன் சொல்ற வாசலுக்கு விலாசமே இல்ல.

ஸ்டோர்சங்கு:
விலாசம் இல்லாமதான் இத்தன வருஷம் ஓட்டுக்கேக்குறவன் சரியா லயத்துக்கு வந்தானா? தொழிற்சங்கத்துக்காரன் சந்தாவுக்கு வந்தானா? உங்க அண்ணனும் போன எலெக்ஷன்ல கொடி புடிச்சிக்கிட்டு போனாருதானே, அந்த ரோட்டுல வண்டி போச்சா இல்லையா?

மூனாம்நம்பர்மலை:
எலெக்ஷனுக்கு ஜீப்புல வந்தாங்க. ஆம்புலன்ஸ் ஜீப்பா? சரி எலெக்ஷனுக்கு வந்துட்டீங்க, நானும் கேக்குறேன். ஆபிஸ்ல 34 வருஷம் இருந்தேன்னு பெருமை பேசுறீங்களே, அந்த 34 வருஷத்துல எத்தன பேருக்கு அரைப்பேரு, அதான் அரைநாள் சம்பளம், போட்டீங்க? குளவி கொட்டுன அன்னைக்கி அத்தைக்கும் அரைப்பேருதான் விழுந்திச்சி. கிலோ வரலியாம். கொட்டு வாங்குறதுக்கு முன்னால பறிச்சத மட்டும் நிறுத்தாங்க. இப்ப நாள் சம்பளம் 1550ஓட அரசாங்கம் 200 போட்டு 1750ன்னு பேப்பர்ல வருது, அந்த 200 வேலைக்கு வந்த வரவுக்கு. குளவிக்கு ஓடுனது வரவா இல்லையான்னு உங்கள மாதிரி ஒரு கிளாக்கரு ஐயாதான் எழுதுவாரு.

ஸ்டோர்சங்கு:
மரியாதையா பேசணும். நான் தோட்டத்த நடத்துற தொரை சொன்னத எழுதுனவன். என் சம்பளத்துல எத்தன வீட்டுக்கு சாவுச் செலவு குடுத்திருக்கேன்னு அந்தத் தோட்டத்துல போயி கேளுங்க. எங்கள "ஸ்டாப்பு ஸ்டாப்பு"ன்னு ஒதுக்கியே பேசுறது இந்தப் பொடியன்களுக்கு பழக்கமாப் போச்சி, எங்க குவாட்டர்ஸும் அதே மழையிலதான் ஒழுகுது. நான் இதுல ஒன்னு கேக்குறேன், அதுக்கு மட்டும் பதில் வரல. வண்டி நம்பர் என்னா? லொறின்னா நம்பர் பிளேட் இருக்கும். நம்பர போடுங்க.

மூனாம்நம்பர்மலை:
நம்பர போட்டா நாளைக்கு டிரைவர் வேலை போயிரும். தோட்டத்து பேரையே நான் போடல, நம்பர போடுவேனா?

ஸ்டோர்சங்கு:
இல்லாத நம்பர எப்படி போடுறது.

வல்லைவெளி:
ஐயா, ட்ராக்டருக்கும் நம்பர் இருக்குத்தானே?

ஸ்டோர்சங்கு:
உங்ககிட்ட யாரும் கேக்கல, நீங்க கடலப் பாருங்க.

கூடலூர்க்காரன்:
படத்த நானும் பெருசாக்கி பாத்தேன். எனக்கு லாரி மாதிரிதான் தெரியுது.

ஸ்டோர்சங்கு:
லொறியா லாரியான்னே தெரியாதவரு தீர்ப்பு சொல்றாரு. வேற வேலை இருக்கா யாருக்காவது? மூனாம்நம்பர்மலை தம்பிக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் குடுக்குறேன். அந்த வண்டி இப்பவும் அதே தோட்டத்துலதானே ஓடுது? நாளைக்கு காலையில போயி முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு படம் எடுத்து போடுங்க. லொறின்னா நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்.

மூனாம்நம்பர்மலை:
எடுக்க முடியாது ஐயா. போன நவம்பர் டித்வா புயல்ல மதகே அடிச்சிக்கிட்டு போயிடுச்சி. லொறி அந்தப் பக்கம் ஸ்டோர்கிட்ட நிக்குது, நாங்க இந்தப் பக்கம். கொழுந்த தலையில சுமந்து ஓடைய தாண்டி கொண்டுபோய் குடுக்குறாங்க. போன மாசம் அஞ்சாம் லயத்து தாத்தாவுக்கு நெஞ்சு வலின்னப்ப கம்பளிய மூங்கில்ல கட்டி நாலு பேரு தூக்கிக்கிட்டுதான் எறங்குனோம், நானும் ஒரு பக்கம் தோள் குடுத்தேன், எங்க தாத்தா காலத்துல தூக்குன மாதிரியே.

ஸ்டோர்சங்கு:
அப்ப இப்ப யாரையும் லொறில ஏத்துறதில்ல.

மூனாம்நம்பர்மலை:
என்னாது?

ஸ்டோர்சங்கு:
நீங்களே எழுதியிருக்கீங்க. என் கொமென்ட்ட மேல போயி படிங்க, "இப்ப யாரும் ஏத்துறதில்ல"ன்னுதான் போட்டேன். சரியாப் போச்சா இல்லையா? டீச்சர், நீங்க சொல்லுங்க.

டீச்சரம்மா:
எனக்கு பிரட்டு இருக்கு, அதான் பள்ளிக்கூடத்து காலைக் கூட்டம். போறேன்.

மூனாம்நம்பர்மலை:
சரி, இப்ப ஏத்துறதில்லன்னே வச்சிக்குவோம். அப்ப போன வருஷம் லொறில ஏத்துனோம்னு ஒத்துக்கிறீங்கதானே?

ஸ்டோர்சங்கு:
போன வருஷம் ஏத்துனது ட்ராக்டர்ல.