"கம்பைப் பிடிச்சிட்டு நிக்கிறான், சுத்தலையே": பிக்சல் உருவங்களில் கோடும் உடலசைவும், உங்கள் அனுபவம்?

சின்ன கேம் ஒன்றுக்காகச் சிலம்பம் சுற்றும் ஆளை வரைந்துகொண்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்து ராத்திரியில் செய்வது. ஆள் 32 பிக்சல் உயரம், கம்பு சுற்ற இடம் வேண்டுமே என்று கேன்வாஸ் 64-க்கு 64. முதல் ஃப்ரேம், அதாவது அசைவின் முதல் படம், முடிந்ததும் எனக்கே பிடித்துப்போனது. சுற்றிலும் சுத்தமான கறுப்பு அவுட்லைன், வேட்டியில் மடிப்பு, தலையில் முண்டாசு. எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித்தரும் ஆசானிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கம்பைப் பிடிச்சிட்டு நிக்கிறான் தம்பி, சுத்தலையே. கால்ல பாரமே இல்லையே" என்றார்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்ததும் புரிந்தது. ஐந்தரை அடி ஆளை 32 பிக்சலில் அடைத்தால் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். கைக்கு நான் கொடுத்தது மூன்று பிக்சல் அகலம். இரண்டு பக்கமும் அவுட்லைன் எடுத்துக்கொண்டது போக, தோலுக்கு மிஞ்சியது ஒரே ஒரு பிக்சல். அதைக் கை என்று சொல்ல முடியாது, குழாய். பென்சிலில் அழுத்தினால் கனம், விட்டால் மெலிவு. இங்கே ஒன்றுக்கு அடுத்தது இரண்டுதான். கொஞ்சம் தடிப்பாக்கலாம் என்று கை வைத்தால் கோடு இரு மடங்காகிவிடுகிறது.

அவுட்லைனை முழுசாக அழித்துவிட்டு ஒரே நிறத்தில் நிழலுருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். குதிகாலில் தொடங்கி இடுப்பு வழியாக உச்சந்தலை வரை வில் மாதிரி ஒரே வளைவு. இடுப்பை ஒரே ஒரு பிக்சல் பின்னால் தள்ளினேன். நின்றுகொண்டிருந்தவன் பாயப்போகிறவன் ஆகிவிட்டான்! அதற்கப்புறம்தான் கோட்டுக்கே போனேன். பாரம் தாங்கும் காலின் அடியில், அக்குளில், முண்டாசின் பின்பக்கம் அடர் பழுப்பு. வெளிச்சம் படும் தோளிலும் முன்கையிலும் கோடே இல்லை, தோல் நிறம் நேராகப் பின்னணியைத் தொடுகிறது. போட்டதெல்லாம் ஒரு பிக்சல் கோடுதான். ஆனால் அடர்ந்தது தடிப்பாகவும் வெளிறியது மெலிதாகவும் கண்ணுக்குத் தெரிகிறது.

கம்புதான் இன்னும் படுத்துகிறது. படுக்கை, செங்குத்து, 45 டிகிரி, இரண்டுக்கு ஒன்று சரிவு, இதெல்லாம் சுத்தமாக வரும். இடைப்பட்ட கோணங்களில் படிக்குப் படி நீளம் 2, 3, 2, 2, 3 பிக்சல் என்று உடைந்து கம்பு கரும்பு மாதிரி கணு கணுவாக நிற்கிறது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்குமே, எழுதுங்கள்.

---

அண்ணா, வேகமான ஃப்ரேம்களில் கம்பை வரையவே வேண்டாம். நுனி போன பாதையை மட்டும் வெளிர் நிறத்தில் பிறை மாதிரி போட்டுவிடுங்கள், நடுவில் தடித்து இரண்டு முனையிலும் ஒரு பிக்சலாகத் தேய்கிற மாதிரி. கண் மீதியைப் போட்டுக்கொள்ளும்.

என் கதை வேறு. ஒரு மொபைல் கேமுக்குச் சந்தைக் காட்சி ஒன்று வரைந்து கொடுத்தேன். பூக்காரம்மா, மூட்டை தூக்குகிறவர், பேரம் பேசும் பாட்டி. ஒவ்வொரு பிக்சலாக எண்ணி வைத்த கோடுகள். வளைவுகளில் படிகளின் நீளம் 5, 3, 2, 1, 1, 2, 3, 5 பிக்சல் என்று ஒழுங்காகக் குறைந்து ஏறும்படி பார்த்துக்கொண்டேன். பில்டு, அதாவது ஓடவிட்டுப் பார்க்கும்படி தயாரான கேம், வந்து போனில் பார்த்தால் பாட்டிக்கு ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. மூட்டைக்காரருக்கு ஒரு கால் உலக்கை, ஒரு கால் குச்சி. மூன்று நாள் படத்தையே மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் தெரிந்தது, திரைக்குப் பொருந்தட்டும் என்று யாரோ ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பிக்சல் ஒன்றரை பிக்சல் ஆக முடியாதே. அதனால் ஒரு வரிசை அப்படியே நிற்கிறது, பக்கத்து வரிசை இரண்டாகிறது. கோட்டின் கனத்தை நான் முடிவு செய்யவில்லை, வகுத்தல் கணக்கு முடிவு செய்தது. இப்போதெல்லாம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் மட்டும்தான் பெரிதாக்க வேண்டும் என்று ஃபைலை அனுப்பும்போதே எழுதிவிடுகிறேன்.

---

நான் அவுட்லைன் கட்சியே இல்லை. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மாரியோவைப் பெரிதாக்கிப் பாருங்க ப்ரோ. சுற்றிக் கோடே கிடையாது. ஒரு ஸ்ப்ரைட் பேலட்டுக்கு, அதாவது அசையுற உருவத்துக்கான நிறத் தொகுப்புக்கு, மூணே நிறம். அதுக்கு முன்னாடி 1981-இல் மாரியோ முதல்ல வந்த டாங்கி காங் கேம்லயே, முடி வரைய இடமில்லைன்னு தொப்பி, மூக்கு தனியாத் தெரியட்டும்னு மீசை, கை ஆடுறது உடம்போட கலந்துடாம இருக்க ஓவரால், இப்படித்தான் மாரியோவை உருவாக்கின மியாமோட்டோ சமாளிச்சார். ஓடுற ஆள்னா நான் முன்கைக்கு ஒரு ஷேடு வெளிச்சம், பின்கைக்கு ஒரு ஷேடு இருட்டு. அவ்வளவுதான்.

---

ஒரு ஆளுக்கு அது சரி தம்பி. கூட்டம் வரைந்து பாருங்கள்.

பஸ் ஃபுட்போர்டில் தொங்கும் பையன்களை, பழைய கையடக்க கேம் கருவியான கேம்பாயின் திரை அளவில், அதாவது 160-க்கு 144 பிக்சலில், நாலே ஷேடில் வரைய உட்கார்ந்தேன். ஏழு பேர். ஆளாளுக்கு ஒரு அவுட்லைன் போட்டேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உடம்பு ஒட்டும் இடமெல்லாம் இரண்டு கோடு சேர்ந்து இரண்டு பிக்சல் கறுப்பாகிவிட்டது. வெளிப்புறம் ஒரு பிக்சல், கூட்டத்துக்கு உள்ளே இரண்டு பிக்சல்! எது முக்கியமில்லையோ அதுவே தடிப்பு. பஸ் படியில் கரப்பான்பூச்சிக் கூட்டம் அப்பிய மாதிரி இருந்தது.

உடம்புகளுக்கு நடுவில் இருந்த கோட்டை எல்லாம் எடுத்தேன். ஏழு பேரையும் ஒரே உருவமாக நினைத்து வெளி விளிம்புக்கு மட்டும் அடர்த்தியான ஷேடு. உள்ளே ஆளைப் பிரிக்க இரண்டாவது ஷேடு, அதுவும் தொடர்ச்சியாக இல்லை. சட்டைக் காலர் கீழே நாலு பிக்சல், முழங்கை மடியும் இடத்தில் மூன்று, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் முழுக்கச் சந்துகளை மட்டும் வெட்டினேன். கம்பியைப் பிடித்த கைக்கும் தலைக்கும் நடுவே தெரியும் முக்கோணம், தொங்கும் காலுக்கும் படிக்கும் நடுவே ஒரு கீற்று. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் யார் எப்படிச் சாய்ந்திருக்கிறான் என்று படிக்க முடிகிறது.

கடைசியில் தொங்குபவனுக்கு மட்டும் சலுகை. அவன் கை தோளில் இரண்டு பிக்சல் கோடு, மணிக்கட்டுக்கு வரும்போது ஒன்று. இழுபடுகிற கை மெலிந்துதானே தெரியும். ஆறு பேர் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, ஏழாவது ஆள் மட்டும் உள்ளே திரும்பி கண்டக்டரைப் பார்க்கிறான். சில்லறை பாக்கி போல.

---

நிஜ அசைவை அப்படியே எடுத்தால் ஜெஸ்சர், அதாவது உடலசைவின் உயிர்ப்பு, தானாக வந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். கேம் உருவாக்குபவரான ஜோர்டன் மெக்னர் 1985-இல் தன் தம்பிக்கு வெள்ளை உடை போட்டு ஓடவும் குதிக்கவும் விட்டுப் படம் பிடித்து, அதைப் பார்த்து வரைந்துதானே 1989-இல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா கேமைக் கொண்டுவந்தார். என் தம்பியை மொட்டை மாடியில் ஓடவிட்டு போனில் எடுத்தேன். ஒரு ஐஸ்கிரீம் செலவு. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாக டிரேஸ் செய்தேன்.

ஓடவிட்டுப் பார்த்தால் ஓட்டம் சரி, ஆனால் கோடு கொதிக்கிறது. ஒரு ஃப்ரேமில் முழங்காலில் மூலைப் பிக்சல் ஒட்டிக்கொண்டு தடிப்பு, அடுத்ததில் மெலிவு, மறுபடி தடிப்பு. பிக்சல் படம் வரையும் மென்பொருளான ஏஸ்ப்ரைட்டில் 'பிக்சல் பெர்ஃபெக்ட்' என்ற வசதியை டிக் செய்தால் அந்த மூலைப் பிக்சல்கள் போய்விடும், ஆனால் அடர்த்தி எங்கே வரவேண்டும் என்பதை அது சொல்லாது. கடைசியில் மூன்று இடம் முடிவு செய்துகொண்டேன்: தாடைக்குக் கீழ், இடுப்பு, ஊன்றிய பாதம். எல்லா ஃப்ரேமிலும் அங்கே மட்டும்தான் அடர்கோடு. கூடவே, தம்பி முன்னால் சாய்ந்ததைவிட இரண்டு பிக்சல் அதிகமாகச் சாய்த்தேன். உள்ளதை உள்ளபடி வரைந்தபோது பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மாதிரியே இல்லை.

---

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன பிறை வேலை செய்தது, கரும்பு ஒழிந்தது.

நேற்று ஆசானிடம் மறுபடி காட்டினேன். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "இப்ப சுத்துறான். காலும் சரியா இருக்கு" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அப்புறம் ஆள் இந்தப் பக்கம் திரும்பினான். ஆசான் போனைக் கிட்டே கொண்டுபோனார். "இந்தப் பக்கம் வந்தா மட்டும் பிடி கை மாறிடுதே. இடது கைக்காரனா?"

வேலை மிச்சம் என்று இடது பக்கத்துக்கு அப்படியே திருப்பிப் போட்டிருந்தேன். கை மாறியது மட்டுமா, வெளிச்சம் படுகிற பக்கத்தில் அடர்கோடும், இருட்டுப் பக்கத்தில் வெறும் தோலுமாக நிற்கிறான். இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. எட்டு ஃப்ரேம். இன்று ராத்திரி உட்காருகிறேன்.