கிலாவேயா மலைக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாழம்பூ எழுதியது:

ஹவாயின் பெரிய தீவில் இருக்கிறது கிலாவேயா எரிமலை. உயரம் 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். பார்த்தால் மலை என்றே தோன்றாது. தரை மெல்ல ஏறிக்கொண்டே போய், திடீரென்று காலடியில் பெரும் பள்ளம். அதற்குள் இன்னொரு குழி, ஹாலெமாஉமாஉ. எரிமலைத் தெய்வம் பெலே குடியிருப்பது அங்கேதான் என்பது ஹவாய் மக்களின் நம்பிக்கை.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரப் பெண்மணிக்கு எழுபது வயதுக்கு மேல். அந்த ஊரில் மூத்த பெண்கள் எல்லோரும் ஆன்ட்டிதான், எனக்கும் ஆன்ட்டி ஆகிவிட்டார். பெலேயை அவர் 'டூட்டூ' என்றே சொன்னார். பாட்டி என்று அர்த்தம். "பாட்டி வீட்டுக்குள் போகிறோம், கேட்டுவிட்டுப் போக வேண்டும்" என்று பாதை தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு அங்கே வைத்திருந்த பிரஷ்ஷை எடுத்துச் செருப்பின் அடியைத் தேய்த்து, ஆல்கஹால் அடித்தார். ஓஹியா மரங்களைக் காய வைத்துக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு பரவுகிறதாம். எங்களையும் தேய்க்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அந்த ஓஹியாவில் பூப்பதுதான் லெஹுவா. நூல் நூலாகச் சிவந்த பூ. என் மகள் பறிக்கக் கையை நீட்டினாள். ஆன்ட்டி மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டு கதை சொன்னார். ஓஹியா என்ற இளைஞன் மேல் பெலேக்கு ஆசை. அவன் மனசு லெஹுவா என்ற பெண்ணிடம். அவன் மறுத்ததும் பெலே அவனைக் கோணல் மரமாக்கிவிட்டாள். லெஹுவா அழுத அழுகையைப் பொறுக்காத மற்ற தெய்வங்கள் அவளை அதே மரத்தில் பூவாக்கின. பறித்தால் இரண்டு பேரையும் பிரித்த மாதிரி, மழை கொட்டும். மகள் அன்று முழுக்க எந்தச் செடியையும் தொடவில்லை.

குழியின் விளிம்பில் ஓஹெலோ பழம் கிடைக்கும். சுண்டைக்காய் அளவு, சிவப்பு, புளிப்பும் இனிப்பும். முதல் பழங்களைக் குழியை நோக்கி வீசிவிட்டுத்தான் நாம் வாயில் போட வேண்டும். 1824-ல் கபியோலானி என்ற அரச குலப் பெண், கிறிஸ்தவம் தழுவியவர், இங்கே வந்து பெலேக்குக் கொடுக்காமலே தின்று காட்டினார். ஆன்ட்டி அதைக் கோபமில்லாமல் சொன்னார். சொல்லி முடித்து, தன் பங்கை வீசினார்.

தரையில் பொன்னிற இழைகள் சுருண்டு கிடந்தன. பெலேயின் கூந்தல் என்கிறார்கள். உருகிய எரிமலைக் குழம்பு காற்றில் இழுபட்டு உறைந்த கண்ணாடிதான் அது. தொட்டேன், விரல் நுனியில் ஏறிவிட்டது.

எனக்கு இன்றுவரை பிரமிப்பு இதில்தான்: பெலே வீடு தேடி வந்தபோது வடமேற்கே கவாய் தீவில் தொடங்கிக் குழி தோண்டினாளாம். தோண்டிய இடத்தில் எல்லாம் அக்கா நாமாகா கடலைக் கொண்டுவந்து நிரப்பினாள். ஒவ்வொரு தீவாகத் தென்கிழக்கே வந்து கடைசியில்தான் கிலாவேயா. பாறையின் வயதும் அதே வரிசை. கவாய்க்குச் சுமார் 50 லட்சம் ஆண்டு, பெரிய தீவுக்கு 10 லட்சம்கூட ஆகவில்லை. கருவி ஏதும் இல்லாமல், மண்ணையும் அரிப்பையும் பார்த்தே இதைக் கண்டுகொண்ட மக்களை என்னவென்று சொல்வது!

மலையோரம் எழுதியது:

நான் அங்கிருந்து ஒரு கல் எடுத்து வந்தவன். எலுமிச்சை அளவு, கறுப்பு, துளைத் துளையாக இருக்கும். ஏழு வருஷம் டிவி பக்கத்தில் வைத்திருந்தேன். கல்லை எடுத்தால் பெலே சாபம் பிடிக்கும் என்று பேசுவார்களே, எனக்குக் கெட்டது எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தச் சாபக் கதை பிற்காலத்தில் கிளம்பியது, பழங்கதைகளில் இல்லை என்று படித்தபோதுதான் உறுத்தியது. பயம் போனதும் மிச்சம் இருந்தது கேட்காமல் எடுத்தோம் என்பது மட்டும். தேசியப் பூங்காவில் கல் எடுப்பது சட்டப்படியும் குற்றம். மன்னிப்புக் கேட்டு ஒரு தாள் எழுதி, பார்சலில் அனுப்பிவிட்டேன்.

ஈரக்காற்று எழுதியது:

2018-ல் அதே தீவின் ஹிலோ நகரத்தில் வேலையில் இருந்தேன். மே 3-ஆம் தேதி கிலாவேயாவின் சரிவில் உள்ள லெய்லானி குடியிருப்பில் தெருவே பிளந்து குழம்பு வந்தது. மொத்தம் 24 பிளவுகள், 700-க்கு மேல் வீடுகள் போயின. ஹிலோக்காரர்கள் அப்போது 1881-ஐப் பற்றியே பேசினார்கள். பக்கத்து எரிமலையான மவுனா லோவாவின் குழம்பு ஊரை நெருங்கியபோது இளவரசி ரூத் கேஎலிகோலானி வந்து பட்டுத் துணியும் பிராந்தியும் படைத்து வேண்டினார், குழம்பு ஊருக்குள் வராமல் நின்றது என்பார்கள்.

என் கூட வேலை பார்த்தவருக்கு லெய்லானியில் வீடு. காலி செய்யச் சொன்ன அன்று சாமான் ஏற்றுவதை நிறுத்திவிட்டு வீட்டைப் பெருக்கித் துடைத்தார். வாசலில் டீ என்ற ஹவாய்ச் செடியின் இலையும் (தேயிலை அல்ல) பூவும் வைத்தார். நான் பூட்டை நீட்டினேன். வேண்டாம் என்றார். "இடம் அவளுடையது. வருகிறவள் கதவை உடைத்துக்கொண்டா வர வேண்டும்?"