கடலோரத் தோட்டத்துக்காரர்களே, தண்ணீர் ஏறிய கதையைச் சொல்லுங்கள்

பந்திங்வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். மலேசியாவில், பந்திங் பக்கம் ஒரு கடலோரச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவுக்குப் பெரும்பாலும் பண்டு வேலை, அதாவது கடல்தண்ணீர் உள்ளே வராமல் போட்டிருக்கும் மண்கரையைப் பார்த்துக்கொள்வது. கடல் அதிகம் ஏறும் அமாவாசை, பௌர்ணமி இரவுகளில் வீட்டில் இருக்கமாட்டார், டார்ச் லைட்டும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நண்டுப் பொந்துதான் அவருக்குப் பெரிய பயம். பொந்து வழியாகத் தண்ணீர் நூல் மாதிரி கசிய ஆரம்பிக்கும், கவனிக்காமல் விட்டால் விடிவதற்குள் கரையையே அறுத்துவிடும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்படித்தான் உடைந்தது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போனவர்கள் பாதி வழியிலேயே திரும்பி வந்தார்கள். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் முழங்கால் தண்ணீர், வெண்டைச் செடிகளுக்கு நடுவே மீன் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அம்மா மட்டும் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். உப்பு. அப்புறம் ரொம்ப நாளைக்கு அந்த மண்ணில் கீரைகூட வரவில்லை.

உடைந்தது எந்த இடத்தில் தெரியுமா, முந்தைய வருடம் பாக்காவ் மரங்களை, அதாவது கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களை, வெட்டி வெளியாக்கிய இடத்தில். "அந்த மரந்தான்டா முதல் பண்டு, நாம போட்டது ரெண்டாவது" என்று அப்பா அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

தோட்டம் எப்படிக் கடலைவிடத் தாழ்வாக இருக்கும் என்று பட்டணத்து நண்பர்கள் கேட்பார்கள். இது லங்காட் ஆறு கொண்டுவந்த சேறும் கடல் சேறும் பாக்காவ் வேர்களில் தங்கித் தங்கி, ஆயிரக்கணக்கான வருடங்களில் உருவான நிலம். கான், அதாவது வடிகால், வெட்டினால் கிளிஞ்சல் வரும். அந்த நிலத்தைச் சுற்றிக் கரை போட்டுத் தண்ணீரை வடித்தோம், ஈரம் போன சேறு சுருங்கி இறங்கியது, கரை மறிப்பதால் புதுச் சேறும் உள்ளே வருவதில்லை. வெளியே உலகக் கடல்மட்டமோ 1900க்குப் பிறகு சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நடுவில் நிற்பது அந்த மண்கரை மட்டும்தான்.

லயத்துப்பெண்:
அண்ணே, எங்கள் தோட்டத்தில் கடல் ஏறவில்லை, கான் தண்ணீர்தான் கெட்டது. ஆழமாக வெட்டிய கொஞ்ச காலத்திலேயே தண்ணீர் துரு நிறமாகி, மீன் செத்து மிதந்தது, என் பள்ளிச் சட்டையை அதில் அலசப்போய் மஞ்சளாகிப் போனது. காரணம் வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கடல் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கும், தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. வெட்டிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகிவிடும். மரமும் வாடும். இப்போது தம்பி அங்கேதான் வேலை செய்கிறான், கானில் பலகை போட்டுத் தண்ணீரைக் குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருக்கிறார்களாம். சேறு நனைந்தே இருந்தால் அமிலம் புதிதாக உண்டாகாது. அப்போதே செய்திருக்கலாம்.

சுங்கைபட்டாணி:
2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கெடா கடலோரத்துக் கோல மூடா பக்கம் போயிருந்தோம். சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன், இங்கே தண்ணீர் வந்தது மதியத்துக்கு மேல். இத்தனை மணி நேரம் இருந்தும் யாருக்கும் தகவல் வரவில்லை, அதுதான் இன்னும் ஆறவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது படகுகள் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தன. நாடு முழுதும் 68 பேர் போனார்கள். சுமத்ரா தீவு நடுவில் மறைத்து நின்றதால்தான் நமக்கு அத்தோடு போனது.

பந்திங்வாசி:
அக்கா சொன்ன பலகை விஷயத்தை அப்பாவிடம் கேட்டேன், சரிதான் என்றார். அவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, இருந்தாலும் போன வருடம் எங்களோடு சேற்றில் இறங்கிப் பாக்காவ் கன்று நட்டார். அலை நேராக அடிக்கும் பக்கம் நட்டதெல்லாம் போய்விட்டது. ஆற்றுவாய் ஓரத்தில் நட்டது நிற்கிறது, இரண்டு இலை விட்டிருக்கிறது.