ஆலோசனை நிறுவனத்தில் சேரலாமா? உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: அடையாறுவாசி
மென்பொருள் துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, சென்னையில் உள்ள ஒரு மேலாண்மை ஆலோசனை நிறுவனத்திலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் கணிசமாகக் கூடுகிறது. ஆனால் அங்கிருந்து வெளியேறிய இருவரை விசாரித்தால், ஒருவர் வாய் நிறையப் பாராட்டுகிறார், மற்றவர் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார். இருவரும் ஒரே தளத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். இதில் எதை நம்புவது?

பதில்: பழைய கன்சல்டன்ட்
இருவரையும் நம்பலாம். இத்தகைய நிறுவனங்களில் ஒவ்வொரு பார்ட்னரும் (நிறுவனத்தில் பங்குள்ள மூத்த தலைவர்) தமது பிரிவைத் தனிக் கடைபோல நடத்துவதால், நிர்வாகம் என்று நீங்கள் அனுபவிக்கப்போவது உங்கள் பார்ட்னரையும் அவருக்குக் கீழுள்ள பிராஜெக்ட் மேனேஜரையும்தான்.

நான் இருந்த இடத்தில் எல்லாக் கோளாறுக்கும் வேர் டைம்ஷீட்டில், அதாவது எந்த வேலைக்கு எத்தனை மணிநேரம் உழைத்தோம் என்று நிரப்பும் பதிவில் இருந்தது. வாடிக்கையாளரிடம் மொத்தத் தொகை பேசி எடுத்த வேலையில் கூடுதல் மணிநேரம் பதிவானால் லாபம் குறையும் என்பதால், வாரம் அறுபது மணிநேரம் உழைத்தவர்களும் வெள்ளி மாலையில் அந்த பிராஜெக்ட் கோடில் (அந்த வேலைக்கான கணக்கு எண்ணில்) நாற்பது என்றே நிரப்ப வேண்டும் என்பது எழுதப்படாத விதி. யாரும் மின்னஞ்சலில் சொல்லமாட்டார்கள். மேனேஜர் மேசையருகே வந்து, "கோடில் பட்ஜெட் இல்லை, பார்த்துப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அடுத்த ஆண்டு அதேபோன்ற வேலைக்கு விலை குறிக்கும்போது, "போன முறை இவ்வளவு நேரத்தில் முடிந்ததே" என்று அந்தப் பொய்க் கணக்கையே ஆதாரமாகக் காட்டி, ஆளையும் நாளையும் இன்னும் குறைப்பார்கள்.

பதில்: தொழிலாளர் சட்டம் படித்தவர்
தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்று வரம்பு வைக்கிறது. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த மிகைநேரத்துக்கு இரட்டை ஊதியம் தர வேண்டும். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. உங்கள் ஆஃபரில் பதவிப் பெயர் என்ன, அதன் கீழ் என்ன வேலை எழுதியிருக்கிறது என்பதை நிதானமாகப் படியுங்கள். பெயரில் மட்டும் "மேனேஜர்" இருப்பதற்காக யாரும் மகிழ வேண்டியதில்லை.

பதில்: பெஞ்சில் இருப்பவள்
மேலே சொன்னவை சரியே என்றாலும், நான் இன்னும் இதே துறையில்தான் இருக்கிறேன். வேறெங்கும் பல ஆண்டுகள் ஆகும் படிப்பினை இங்கே விரைவில் கிடைக்கிறது, நல்ல மேனேஜர் வாய்த்தால். என் மனக்குறை அப்ரைசலை, அதாவது நம் வேலைக்கான மதிப்பீட்டைப் பற்றியது. வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கத்தக்க நேரத்தின் விகிதத்தை வைத்தே மதிப்பெண் போடுவதால், பிராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் இருக்கும் வாரங்களின் பழி, புது வேலை பிடித்துவராத பார்ட்னரை விட்டுவிட்டு நம் தலையில் விழுகிறது.

சேரும் முன் எச்ஆரிடம் கேட்காமல், நீங்கள் போகவிருக்கும் அதே பிரிவில் உள்ள ஒருவரிடம் கேளுங்கள்: பெஞ்சில் இருந்தவருக்குப் போன அப்ரைசலில் என்ன ஆனது, பிராஜெக்ட் நடுவில் யாராவது விடுப்பு எடுத்தார்களா. அவர் பதில் சொல்லத் தயங்கினால், பழைய நிறுவனத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள்.